நடுவில் நிற்கப் போவது யார்?

பெங்களூர் கால்பந்து அணியின் முன்வரிசை: வரும் பருவத்துக்கு மூன்று வழிகள்

பெங்களூர் அல்சூரை அடுத்த கவுதமபுரத்தில் பிரேசில் வீரர் பீலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். தலைவர்களுக்குச் சிலை வைத்த தெருக்கள் நாடெங்கும் உண்டு. பந்தாட்டக்காரருக்குச் சிலை வைத்த தெருக்கள் அபூர்வம். அந்தப் பகுதியில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களே அதிகம். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் புத்தகப் பையைக் கோல் கம்பமாக வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

ஆஸ்டின் டவுனிலும், சிவாஜி நகரிலும், அல்சூரிலும் வேலை முடிந்து பஸ்சை விட்டு இறங்குகிறவர்கள் டீக்கடையில் நின்று பேசும் விஷயங்கள் சில உண்டு. வீட்டு வாடகை ஒன்று. தண்ணீர் ஒன்று. மற்றொன்று பெங்களூர் எப்.சி. அணி.

அந்தப் பேச்சு இப்போது ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. சுனில் சேத்ரிக்குப் பிறகு அணியின் முன்வரிசையில், நட்ட நடுவில், கோலுக்கு நேராக நிற்கப் போவது யார்?

இது பெங்களூருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. இந்தியக் கால்பந்தின் தலைவிதியே இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

சேத்ரி என்னும் சுமைதாங்கி

பெங்களூர் எப்.சி. 2013-ல் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டே சேத்ரி வந்து சேர்ந்தார். முதல் பருவத்திலேயே அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2015-16-ல் மறுபடியும் ஐ-லீக். 2015-லும் 2017-லும் பெடரேஷன் கோப்பை. 2018-ல் சூப்பர் கோப்பை. 2018-19-ல் ஐ.எஸ்.எல். பட்டம். 2022-ல் டூரண்ட் கோப்பை. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு கோப்பைகளைச் சேர்த்த அணிகள் இந்தியாவில் மிகச் சில.

2016-ல் ஆசியக் கால்பந்து சம்மேளனக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கே போனது பெங்களூர். அரை இறுதியில் மலேசியாவின் ஜோகூர் அணியைக் கண்டீரவா மைதானத்தில் 3-1 என்று வீழ்த்திய இரவை நகரம் மறக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ஈராக் அணியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. அதற்கு முன் எந்த இந்திய கிளப்பும் அந்த இறுதி ஆட்டத்தை எட்டியதில்லை.

இந்த வெற்றிகளில் பெரும்பாலானவற்றில் சேத்ரியின் பங்கு இருக்கிறது. ஐ.எஸ்.எல். வரலாற்றில் மிக அதிக கோல் அடித்தவர் அவரே.

அவர் பிறந்தது 1984-ல். நாற்பதைத் தாண்டிய பிறகும், 2024-25 ஐ.எஸ்.எல். பருவத்தில் 14 கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் இந்தியர்களில் அவரை விட அதிக கோல் அடித்தவர் எவரும் இல்லை. 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்சுக்கு எதிராகக் கண்டீரவாவில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல். கோவாவுக்கு எதிரான அரை இறுதியில் கடைசி நிமிடங்களில் தலையால் முட்டி ஒரு கோல். அந்த ஒரு கோல்தான் அணியை இறுதி ஆட்டத்தில் சேர்த்தது.

ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு அடியில் ஒரு வெட்கம் மறைந்திருக்கிறது. நாற்பது வயதுக்காரரை இருபது வயதுப் பிள்ளைகளில் ஒருவரால்கூட முந்த முடியவில்லையே! ஒரு குடும்பத்தில் ஓய்வு பெற வேண்டிய தகப்பன் இன்னும் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தால், அக்கம்பக்கத்தார் தகப்பனைப் பாராட்டுவார்கள். பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்வார்கள்?

நாட்டின் கதையும் அதுவே

இந்திய அணியிலும் இதே கதைதான். 2024 ஜூன் 6-ந் தேதி கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு சேத்ரி சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அந்த 2024-ம் ஆண்டு முழுவதும் இந்திய அணி ஒரு ஆட்டத்தில்கூட வெற்றி பெறவில்லை.

கடைசியில் என்ன நடந்தது? 2025 மார்ச்சில் அவரையே மறுபடி அழைத்து வந்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக ஆடினார். தலையால் முட்டி, நாட்டுக்காகத் தமது 95-வது கோலை அடித்தார். இந்தியா 3-0 என்று வென்றது. ஓய்வு பெற்றவர் திரும்பி வந்து அடித்தால்தான் கோல் என்ற நிலைமை!

அதன் பிறகும் விமோசனம் இல்லை. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஹாங்காங்கிடம் 0-1. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2. நவம்பரில் டாக்காவில் வங்காளதேசத்திடம் 0-1. 2027 ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு கை நழுவிப் போனது. மூன்று ஆட்டங்களில் இந்தியா அடித்தது ஒரே ஒரு கோல்!

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஐ.எஸ்.எல். போட்டி 2014-ல் தொடங்கியது. 2024-25 வரை 11 பருவங்கள் நடந்தன. ஒவ்வொரு பருவத்திலும் அதிக கோல் அடித்தவருக்குத் தங்கக் காலணி தருகிறார்கள். 11 முறையும் அது வெளிநாட்டவருக்கே போயிற்று. ஒரு முறைகூட இந்தியர் ஒருவர் வாங்கவில்லை. 2024-25-ல் வாங்கியவர் மொராக்கோ நாட்டு அஜாராயி. அவர் அடித்தது 23 கோல்.

இந்தியர்களுக்கு உதைக்கத் தெரியாதா? தெரியும். ஆனால் கோலுக்கு நேராக நிற்கும் இடம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. கடை முதலாளி கல்லாப் பெட்டியில் யாரை உட்கார வைப்பாரோ, அந்த இடத்தில் அணிகள் வெளிநாட்டவரை நிறுத்துகின்றன. இந்தியப் பையன் வேகமாக ஓடுகிறவனா? ஓரத்துக்குப் போ. பந்தைக் கொண்டுவந்து நடுவில் கொடு. கோலை அவர் அடிப்பார். பத்து வருடம் இப்படியே போனால், கோல் அடிக்கிற பழக்கம் எங்கிருந்து வரும்?

வழி ஒன்று: உச்சியில் ஒருவர்

இந்த நிலையில் பெங்களூர் அணிக்கு வரும் பருவத்தில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது 4-2-3-1. பின்வரிசையில் நால்வர். அவர்களுக்கு முன்னால் அரணாக இருவர். அதற்கு முன்னால் மூவர். உச்சியில் ஒருவர். அந்த ஒருவர் உடல் வலுவுள்ள வெளிநாட்டவர்.

இந்த முறையில் பெங்களூர் நல்ல அறுவடை கண்டிருக்கிறது. 2017-18-ல் வெனிசுலா நாட்டு மிக்கு நடுவில் நின்றார். சேத்ரி இடது ஓரத்திலிருந்து உள்ளே புகுந்தார். வலது ஓரத்தில் உதாந்தா சிங் மின்னலாக ஓடினார். மிக்கு 15 கோல், சேத்ரி 14 கோல். இருவர் மட்டும் 29 கோல்! இறுதி ஆட்டத்தில் சென்னையின் அணியிடம் 2-3 என்று கண்டீரவாவிலேயே தோற்றது வேறு விஷயம். அந்த முன்வரிசையைக் குறை சொல்ல ஆள் இல்லை.

அதனால்தான் இந்த வழி ஆசை காட்டுகிறது. நல்ல வெளிநாட்டு ஆள் கிடைத்துவிட்டால் பயிற்சியாளர் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் மிக்கு போனதும் என்ன ஆயிற்று? அவர் நின்ற இடத்தில் நிற்க இந்தியர் எவரும் தயாராக இல்லை. மறுபடியும் வெளிநாட்டுச் சந்தைக்குப் போக வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் அது சொந்த வீடு ஆகாது.

வழி இரண்டு: இறங்கி வரும் நடு ஆட்டக்காரர்

இரண்டாவது 4-3-3. பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர். முன்னால் நிற்கும் மூவரில் நடு ஆள் கோலுக்கு முன்னாலேயே காத்து நிற்க மாட்டார். கீழே இறங்கி வந்து பந்தை வாங்குவார். எதிரணியின் பின்வரிசை ஆட்டக்காரர் அவரைத் தொடர்ந்து வந்தால் அங்கே ஓர் ஓட்டை விழும். இரண்டு ஓரத்து ஆட்டக்காரர்களும் அந்த ஓட்டையில் பாய்வார்கள்.

2024-25-ல் பயிற்சியாளர் ஜெரார்ட் சரகோசா பெரும்பாலும் நம்பியது 4-3-3 அமைப்பைத்தான். அணி லீக் பட்டியலில் மூன்றாவது இடம் பிடித்தது. பிளே-ஆப் ஆட்டத்தில் மும்பையை 5-0 என்று நொறுக்கியது. இறுதி ஆட்டத்தில் மோகன் பகானிடம் கூடுதல் நேரத்தில் 1-2 என்று தோற்றது.

பார்க்க அழகான முறை. ஆனால் இது சேத்ரிக்குத் தைத்த சட்டை. எப்போது இறங்க வேண்டும், எப்போது ஏற வேண்டும், பந்து வருவதற்கு அரை விநாடி முன்னால் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்கு இருபது வருடப் பழக்கம். அவர் உயரமானவர் அல்ல. ஆனாலும் தலையால் அத்தனை கோல் அடித்திருக்கிறார் என்றால், அது கால் செய்த வேலை அல்ல. மூளை செய்த வேலை. அதே சட்டையை 22 வயதுப் பையனுக்கு மாட்டிவிட்டு, "அவரைப் போல ஆடு" என்றால் பையன் என்ன செய்வான்? தடுமாறுவான். இரண்டு ஆட்டம் தடுமாறினால் பெஞ்சுக்குப் போவான். பிறகு அந்த இடத்துக்கு வெளிநாட்டவர் வருவார்.

வழி மூன்று: இரட்டையர்

மூன்றாவது 3-5-2. பின்னால் மூவர். நடுவில் ஐவர். அந்த ஐவரில் இரண்டு ஓரத்தில் இருப்பவர்கள் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் இருவர். ஒருவர் வெளிநாட்டவர், ஒருவர் இந்தியர். இருவரும் நடுவில்!

இது வெறும் கற்பனை அல்ல. பெங்களூர் ஆடிக் காட்டிய முறை. 2022-23 பருவத்தின் முதல் பாதியில் அணி தடுமாறியது. சைமன் கிரேசன் பயிற்சியாளர். பிஜி நாட்டு ராய் கிருஷ்ணாவையும் சிவசக்தி நாராயணனையும் முன்வரிசையில் ஜோடியாக நிறுத்தினார். சேத்ரியைப் பெஞ்சில் உட்கார வைக்கவும் துணிந்தார். அணி லீக்கில் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களில் வெற்றி பெற்றது!

சிவசக்தி யார்? காரைக்குடியை அடுத்த கண்டனூர்க்காரர். இந்திய அணிக்கு ஆடிய ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் பயின்றவர். செட்டிநாட்டு ஊரிலிருந்து கிளம்பி வந்த அந்தப் பையன் 2022 டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பைக்கு எதிராக முதல் கோலை அடித்தார். அந்த ஐ.எஸ்.எல். பருவத்தின் வளரும் வீரர் விருதையும் பெற்றார்.

அவர் ஓரத்தில் நின்று இதைச் சாதிக்கவில்லை. நடுவில் நின்று சாதித்தார். பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருந்தார். எதிரணியின் முரட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் கிருஷ்ணாவைக் கவனித்தார்கள். அந்தச் சந்தில் சிவசக்தி புகுந்தார். பட்டறையில் மேஸ்திரி பக்கத்தில் நின்று தொழில் கற்கிற பையனைப் போல, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டார்.

சேத்ரிக்கும் அதில் நஷ்டம் இல்லை. அந்த மார்ச்சில் கேரளாவுக்கு எதிரான பிளே-ஆப் ஆட்டத்தில் மாற்று ஆளாக வந்தார். எதிரணி தடுப்புச் சுவர் அமைப்பதற்குள் ப்ரீகிக்கை உதைத்துக் கோல் போட்டார். கேரள அணி கோபித்துக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறியது. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் சிவசக்தி தொடக்க நிமிடங்களிலேயே காயப்பட்டார். அவர் இடத்துக்கு வந்ததும் சேத்ரிதான். வந்தவர் பெனால்டியில் கோல் அடித்தார். ஆட்டம் 2-2. பெனால்டி உதைகளில்தான் பெங்களூர் தோற்றது.

பிறகு நடந்ததுதான் பாடம். ஜோடி ஒரே பருவத்தில் பிரிந்தது. கிருஷ்ணா ஒடிசா அணிக்குப் போனார். 2023-24-ல் பெங்களூர் பட்டியலில் 10-வது இடத்துக்கு இறங்கியது. அதற்குப் பிந்தைய இரண்டு பருவங்களில் சிவசக்திக்கு அந்த 2022-23 போல அமையவில்லை. முளைத்த செடியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் அது காய்க்கத் தாமதமாகத்தான் செய்யும்.

அந்தக் காலத்தில் ஆள் இருந்தது

"இந்தியனுக்கு அந்த இடம் ஒத்துவராது அண்ணே" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வரலாறே பதில் சொல்லும்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா ஆடியது. பெரும்பாலானோர் காலில் பூட்ஸ் இல்லை. 1-2 என்று தோற்றாலும் மானத்தோடு தோற்றது. அந்த ஒரு கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதல் கோல். அடித்தவர் சாரங்கபாணி ராமன், மைசூர் அணியின் ஆட்டக்காரர். அந்தக் காலத்தில் முன்வரிசையில் ஐந்து பேர். ஐவரும் இந்தியர்தானே?

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்று வென்றது. நெவில் டி சோசா மூன்று கோல் அடித்தார். இந்தியா நான்காவது இடம் பெற்றது.

1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. பயிற்சியாளர் ரஹீம். பின்வரிசை ஆட்டக்காரரான ஜர்னயில் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பின்னால் நின்று பந்தைத் தலையால் தடுத்துக்கொண்டே இருப்பது ஆபத்து. ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. முன்வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்! ஜர்னயில் அரை இறுதியில் ஒரு கோல் அடித்தார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் ஒரு கோல். இந்தியா 2-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

பயிற்சியாளருக்குத் துணிவு இருந்தால் பின்வரிசைக்காரர்கூட நடுவில் நின்று கோல் அடிப்பார். துணிவு இல்லாவிட்டால் கோல் அடிக்கப் பிறந்தவனும் ஓரத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருப்பான்.

தொழிற்சாலை அணிகள் தந்த ஏணி

பெங்களூருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஒரு காலத்தில் இந்த நகரத்தில் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற தொழிற்சாலைகளின் அணிகள் கொடி கட்டிப் பறந்தன. தெருவில் நன்றாக ஆடும் பையனுக்கு மாவட்ட லீக்கில் இடம் கிடைக்கும். அங்கே கோல் அடித்தால் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும். காலையில் வேலை, மாலையில் ஆட்டம், மாதம் பிறந்தால் சம்பளம். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அடுப்பு எரிந்தது அந்தக் கால்களால்தான்.

அந்த அணிகளில் நடுவில் நின்று கோல் அடித்தவர்கள் இந்த ஊர்ப் பையன்களே. வெளிநாட்டவரை வாங்கத் தொழிற்சாலைக்கு ஏது பணம்? மைசூர் என்ற பெயரில் ஆடிய மாநில அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு முறை சந்தோஷ் கோப்பையை வென்றதற்கு அடித்தளம் இந்த ஏணிதான்.

ஏணியின் படிகள் பிறகு ஒவ்வொன்றாக உடைந்தன. எச்.ஏ.எல். அணி 2012-ல் ஐ-லீக்கிலிருந்து இறங்கியது. விளையாட்டுக்காகத் தரும் வேலைகள் குறைந்தன. கர்நாடக அணி மறுபடி சந்தோஷ் கோப்பையைத் தொட 54 ஆண்டுகள் ஆயின. 2023 மார்ச்சில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று வென்றுதான் அந்தக் குறை தீர்ந்தது.

ஆக, ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. 2024 செப்டம்பரில் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு எதிரான ஐ.எஸ்.எல். ஆட்டத்தில் பெங்களூரின் வெற்றி கோலை அடித்தவர் யார்? இதே ஊரில் பிறந்த 19 வயது வினித் வெங்கடேஷ். வாய்ப்பு கொடுத்தால் கோல் வருகிறது.

ஏணியில் மிச்சம் இருக்கிற மேல் படி இந்த கிளப்தான். அந்தப் படியில் நடு இடம் எப்போதும் வெளிநாட்டவருக்கே என்று எழுதி வைத்துவிட்டால், கீழே நிற்கிற பையன் எதை நம்பி ஏறுவான்? அவனுடைய அம்மா எதை நம்பி அவனை மைதானத்துக்கு அனுப்புவாள்?

எதிர்வாதமும் நியாயமே

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முதலாளி பணம் போடுகிறார். ரசிகர் டிக்கெட் வாங்குகிறார். இருவரும் கேட்பது வெற்றி. நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் பயிற்சியாளர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். "பையனுக்குக் கற்றுக் கொடுத்தேன்" என்று சொன்னால் யாரும் சம்பளம் தர மாட்டார்கள். 2025-26 பருவம் தாமதமாகி, ஆட்டங்கள் சுருங்கிப்போன கதையும் தெரிந்ததே. ஆட்டங்கள் குறைந்தால் பொறுமையும் குறையும்.

3-5-2 முறையிலும் அபாயம் உண்டு. ஓரத்தில் ஓடும் இருவரும் களைத்துவிட்டால் எதிரணிக்கு அந்தப் பக்கம் ராஜபாட்டை. முன்னால் இருவரை நிறுத்துவதால் எதிர்த் தாக்குதலை ஓரத்திலேயே மறிக்க ஆள் குறையும். சிந்திக்காமல் ஆடினால் மூன்று கோல் வாங்க வேண்டிவரும்.

அதனால்தான் வெளிநாட்டவரே வேண்டாம் என்று சொல்வது அசட்டுத்தனம். மிக்குவும் ராய் கிருஷ்ணாவும் இந்த அணிக்குச் செய்தது கொஞ்சம் அல்ல. தேவை அவர்களைத் துரத்துவது அல்ல. அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் இந்தியனை நிறுத்துவது.

கணக்கும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் ஆடலாம். 2017-18-ல் அது ஐந்து ஆயிற்று. 2021-22-ல் நான்காகக் குறைந்தது. நால்வரில் பின்வரிசைக்கு ஒருவர், நடுவரிசைக்கு இருவர், முன்வரிசைக்கு ஒருவர் என்று பிரித்தாலே, முன்னால் இன்னோர் இடம் இந்தியனுக்கு மிஞ்சும். பெர்த் நகரில் பிறந்து பெங்களூர்ச் சட்டையில் ஆடிய ரியான் வில்லியம்ஸ் 2025-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். அவரைப் போன்ற ஓர ஆட்டக்காரர் இந்தியர் கணக்கில் வருவதால் வெளிநாட்டவர் கணக்கில் ஓர் இடம் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தை இன்னொரு வெளிநாட்டு முன்வரிசைக்காரரை வாங்கச் செலவழித்தால் பயன் என்ன?

செய்ய வேண்டியது என்ன?

வரும் பருவத்தில் அணி செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று: சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டங்களிலாவது 3-5-2. முன்னால் ஒரு வெளிநாட்டவர், ஒரு இந்தியர். கண்டீரவாவில் கூட்டம் அணியின் பக்கம். துணிந்து ஆட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வெளியூரில் பலமான அணியைச் சந்திக்கும்போது 4-2-3-1 ஆடட்டும். அதில் தவறு இல்லை.

இரண்டு: அந்த இந்தியர் யார் என்று பருவம் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்தபின் குறைந்தது பத்து ஆட்டங்கள் அவரை அசைக்கக் கூடாது. இரண்டு ஆட்டத்தில் கோல் அடிக்காவிட்டால் பெஞ்சு, மூன்றாவது ஆட்டத்தில் ஓரம், நான்காவது ஆட்டத்தில் காணோம் என்ற பழக்கம் ஒழிய வேண்டும். 2017 பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் அடித்து மோகன் பகானை வீழ்த்திய சி.கே.வினீத், ஒரே நாளில் உருவானவரா? அவரை நம்பி ஆட விட்டார்கள். அவர் அடித்தார்.

மூன்று: சேத்ரி பூட்ஸ் போட்டு ஆடுகிற நாளிலும், அதைக் கழற்றி வைக்கிற நாளிலும், அவருடைய முதல் வேலை அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நிற்பதாக இருக்க வேண்டும். 95 கோல் அடித்த அனுபவம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அது ஒரு மனிதனிடம் இருக்கிறது. அவர் போகும்போது அதுவும் போய்விடக் கூடாது.

ரசிகர்களுக்கும் ஒரு வேலை

நான்காவதாக ஒன்று உண்டு. அது பயிற்சியாளர் செய்ய வேண்டியது அல்ல. ரசிகர் செய்ய வேண்டியது.

வெளிநாட்டவர் கோலுக்கு முன்னால் பந்தைத் தவற விட்டால் கூட்டம் "அய்யோ" என்கிறது. இந்தியப் பையன் தவற விட்டால் "வெளியே எடு" என்கிறது. இரண்டும் ஒரே தவறுதான். தண்டனை மட்டும் வேறு. நாற்பதைத் தாண்டியவரின் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு 20 வயதின் தடுமாற்றம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சேத்ரியும் ஒரு காலத்தில் 20 வயதுப் பையன்தான். அன்று யாரோ பொறுத்துக்கொண்டதால்தான் நாட்டுக்கு 95 கோல் கிடைத்தது.

வெளியூரில் வந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. முதல் நாள் மெஷின் முன்னால் நின்றபோது எத்தனை பேருடைய கை நடுங்கியது! முதல் மாதம் லெட்ஜரில் எத்தனை கூட்டல் தவறு! பக்கத்து இருக்கைக்காரர் பொறுத்துக்கொண்டார். மேஸ்திரி திட்டினாலும் மறுநாள் அதே மெஷினில் நிறுத்தினார். தொழில் வந்தது அப்படித்தான்.

வரும் பருவத்தில் பெங்களூர் கோப்பையை வெல்லலாம், வெல்லாமலும் போகலாம். கோப்பை அலமாரியில் ஏற்கனவே இருக்கிறது. அலமாரியில் இல்லாதது ஒன்றுதான்: சேத்ரிக்குப் பிறகு நடுவில் நின்று கோல் அடிக்கும் ஓர் இந்தியன்.

கவுதமபுரத்தில் புத்தகப் பையைக் கோல் கம்பமாக வைத்து ஆடுகிற பையன்கள் எவரும் ஓரத்தில் நிற்கச் சண்டை போடுவதில்லை. எல்லோரும் நடுவில் நிற்கத்தான் சண்டை போடுகிறார்கள். அவர்களில் ஒருவனுக்காவது கண்டீரவாவில் அந்த இடம் காத்திருக்க வேண்டும்.